மதுரைப் பயணத்தில் அரைநாள்: வண்டிப்பெரியார்த் தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்டிப்பெரியாரிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

மதுரை உங்களுக்குப் புதிய ஊர் அன்று. குமுளியில் எல்லையைக் கடந்து, கம்பம், உத்தமபாளையம், தேனி, உசிலம்பட்டி வழியாக ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் போய் இறங்கும் அந்த நீண்ட பயணத்தை உங்களில் பெரும்பாலோர் பலமுறை மேற்கொண்டிருக்கிறீர்கள். கோரிப்பாளையத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உறவினரைச் சேர்ப்பதற்கும், அண்ணா நகர்க் கண் மருத்துவமனையில் பெற்றோருக்குப் புரை நீக்குவதற்கும், மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பகுதியிலும் கல்யாண ஜவுளி எடுப்பதற்கும், மீனாட்சியம்மன் கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்துவதற்கும் நீங்கள் மதுரைக்குப் போகிறீர்கள். வேலை முடிந்ததும் கிடைத்த பேருந்தில் ஏறி மலைக்குத் திரும்பிவிடுகிறீர்கள். அந்தப் பயணத்தைக் குறைசொல்ல இம்மடல் எழுதப்படவில்லை. அதனோடு அரைநாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த அரைநாளில் மதுரையின் அதிகம் அறியப்படாத சில இடங்களை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று கேட்பதற்காகவே இது எழுதப்படுகிறது.

அரைநாள் என்பது உங்களுக்கு எவ்வளவு விலையுள்ளது என்பதை மறந்துவிட்டு இந்த வேண்டுகோள் வைக்கப்படவில்லை. மறுநாள் காலையில் கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பீருமேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டுக் கிடந்த காலத்தில், கூலி என்ற ஒன்றே இல்லாமல் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடும்பங்கள் காலம் தள்ளியதும் உங்கள் நினைவிலிருந்து அகன்றிருக்காது. ஆகவே இங்கே சொல்லப்படும் இடங்கள் யாவும் கட்டணம் இல்லாதவை அல்லது மிகச் சிறிய கட்டணம் உடையவை. அவற்றுள் பல, நீங்கள் எப்படியும் கடந்துபோகும் சாலையின் ஓரத்திலோ நீங்கள் எப்படியும் காத்திருக்கும் மருத்துவமனைக்கு அருகிலோ இருப்பவை. வேறு வேலையாக மதுரைக்குப் போகும் நாளிலேயே இவற்றுள் ஒன்றைப் பார்த்துவிட முடியும் என்பதால், இதற்கென்று தனியாக ஒரு பயணம் தேவையில்லை.

முதலில், மதுரையின் மேல் உங்களுக்குள்ள உரிமையைச் சொல்லியாக வேண்டும். வண்டிப்பெரியாரின் நடுவே ஓடும் பெரியாறு, இயல்பாக மேற்கே சென்று அரபிக்கடலில் கலக்கும் ஆறு. திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகையின்படி, பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அணை அந்த ஆற்றை மறித்தது. தேக்கப்பட்ட நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்குச் சரிவில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகையில் சேர்ந்து, பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மேலூர் வயல்கள் வரை பாய்கிறது. மதுரை மாவட்டத்தின் வயலும் குடிநீரும் உங்கள் ஊர் ஆற்றுக்குக் கடன்பட்டவை. மழைக்காலத்தில் அணையின் நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் வல்லக்கடவிலும் வண்டிப்பெரியாரிலும் ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நகரத்துக்கு நீங்கள் விருந்தாளிகளாகப் போகவில்லை என்பது விளங்கும்.

ஆற்றைத் தவிர இன்னோர் உறவும் உண்டு. உங்கள் பாட்டனாரையும் பூட்டனாரையும் மலைக்கு அழைத்துவந்தவர் கங்காணி, அதாவது முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துவந்து தோட்டத்தில் அவர்களை மேய்த்த இடைத்தரகர். அவர் ஆள் திரட்டிய ஊர்கள் பெரும்பாலும் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் வானம் பார்த்த கிராமங்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தெற்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டோடு சேர, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அந்த முடிவைப் பற்றிய வழக்கை மீண்டும் எழுப்புவது இம்மடலின் நோக்கம் அன்று. ஆனால் அதன் விளைவு ஒன்று உங்கள் வீடுகளில் இன்றும் நடமாடுகிறது: கேரளத்தின் வரலாற்றுப் பாடத்தில் தோட்டத் தமிழருக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன; தமிழ்நாட்டின் வரலாற்றுப் பெருமிதத்திலோ மலைக்கு அப்பால் இருப்பவர்களை யாரும் நினைப்பதில்லை. இரண்டு பக்கமும் விடுபட்ட பிள்ளைக்குத் தன் வரலாறு கங்காணியின் முன்பணத்தோடு தொடங்குவதாகத் தோன்றிவிடுகிறது. அந்த எண்ணம் பொய் என்பதைக் காட்டும் சான்றுகள் மதுரையைச் சுற்றிலும் பாறைகளிலும் பானை ஓடுகளிலும் கிடக்கின்றன; அவற்றைப் போய்ப் பார்ப்பதற்குத்தான் அரைநாள் கேட்கப்படுகிறது.

மதுரைக்குள் நுழைவதற்குச் சற்று முன்பாக, பல்கலைக்கழகத்தைக் கடந்ததும் நாகமலைப் புதுக்கோட்டை என்ற நிறுத்தம் வருவதை நீங்கள் அறிவீர்கள். அங்கே இறங்கினால் சில கிலோமீட்டர் தொலைவில் கீழக்குயில்குடி என்ற சிற்றூரும், அதன் பின்னே சமணர்மலை என்ற வெற்றுப் பாறைக் குன்றும் இருக்கின்றன. அடிவாரத்தில் ஆலமரங்களும் தாமரைக்குளமும் அய்யனார், கருப்பசாமி கோயிலும் உள்ளன. உங்கள் தோட்டங்களில் எந்தத் தெய்வங்களுக்குக் கடா வெட்டுகிறீர்களோ அதே தெய்வங்கள் அங்கே காவல் நிற்பதைக் கண்டால் வேற்றிடம் என்ற எண்ணமே எழாது. கோயிலைத் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் ஒரு சுனையும், அதன் அருகே பாறைமுகத்தில் வரிசையாகச் செதுக்கிய புடைப்புச் சிற்பங்களும் காணப்படும். புடைப்புச் சிற்பம் என்பது பாறையை முழுதாக வெட்டி எடுக்காமல், உருவம் மட்டும் முன்தள்ளி நிற்கும்படி செதுக்குவது. அவ்வரிசையில் முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர், அதாவது சமணம் போற்றும் அருகர், இருக்கிறார். தலைக்கு மேல் ஐந்தலை நாகம் படம் விரித்த பார்சுவநாதர் இருக்கிறார். அசையாமல் தவம் நின்றதால் காலில் கொடி படர்ந்த பாகுபலியும், அவர் இருபுறமும் அவருடைய தங்கையரும் இருக்கிறார்கள்.

அச்சிற்பங்களின் கீழே உள்ள எழுத்துகளை உங்கள் பிள்ளைகளைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவை வட்டெழுத்து எனப்படும் பழைய எழுத்துமுறையில், கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்டவை. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சிக்குப் பின் வட்டெழுத்து வழக்கொழிந்தபோதும் கேரளத்தில் அது பல நூற்றாண்டுகள் தொடர்ந்து வழங்கியது. எனவே வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைக்கு, தன் இரண்டு மொழிகளும் ஒரு காலத்தில் ஒரே எழுத்தில் எழுதப்பட்டதற்கு அந்தப் பாறையே கண்கண்ட சான்று. அந்தக் கல்வெட்டுகளில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்ததைப் பதிவுசெய்கிறது. ஓர் அரசனோ தளபதியோ அன்றி ஒரு தாய் தன் பெயரைக் கல்லில் நிறுத்தியிருக்கிறார். அந்த அச்சணந்தியின் பெயரோ உத்தமபாளையத்துக் கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையிலும், பழைய திருவிதாங்கூரில் இருந்த சிதறால் மலையிலும் காணப்படுகிறது. குமுளியிலிருந்து மதுரைக்கு நீங்கள் பேருந்தில் செல்லும் அதே தடத்தில் 1000 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியரின் பெயர் தங்கியிருக்கிறது. அந்தத் தடத்தின் ஒரு முனையில் அவரும் மறுமுனையில் அவருடைய தாயும் எழுத்தாக நிற்கிறார்கள்.

மலையின் மேற்புறத்தில் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் எஞ்சியிருக்கிறது. பள்ளி என்பது அக்காலத்தில் சமணத் துறவியர் தங்கிக் கற்பித்த இடம். பாண்டியன் பராந்தக வீரநாராயணனின் அரசி வானவன்மாதேவியின் பெயரால் அமைந்தது அது. வானவன் என்பது சேரருக்கு வழங்கிய பெயர் என்பதால், மலைக்கு மேற்கிலிருந்து கிழக்கே வந்த ஒரு பெண்ணின் பெயரை அந்தக் குன்று தாங்கி நிற்கிறது என்றும் கொள்ளலாம். மலையின் மறுபுறத்தில் செட்டிப்புடவு என்ற குகையின் முகப்பில், ஆளுயரத்துக்கு மேல் அமர்ந்த நிலையில் இன்னொரு தீர்த்தங்கரர் செதுக்கப்பட்டிருக்கிறார். இவ்வளவையும் பார்த்துமுடிக்க மூன்று மணி நேரம் போதும். காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் போவதும், குடிநீர் எடுத்துச்செல்வதும் நல்லது.

இதனினும் தொன்மையானவற்றைக் காண விரும்பினால், அதே தேனிச் சாலையின் இருபுறமும் அவை காத்திருக்கின்றன. உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் இடையே விக்கிரமங்கலத்து உண்டாங்கல், கொங்கர்புளியங்குளம், சமணர்மலைக்கு அருகே முத்துப்பட்டி ஆகிய இடங்களில் இயற்கைக் குகைத்தளங்களும், துறவியர் படுக்கப் பாறையில் செதுக்கிய கற்படுக்கைகளும், அவற்றின் மேல் தமிழ்பிராமி எழுத்துகளும் உள்ளன. தமிழ்பிராமி என்பது தமிழ் மொழி எழுதப்பட்ட மிகப் பழைய எழுத்து. 1882-இல் மாங்குளத்துக் குகைகளில் இராபர்ட் சீவல் இவ்வகைக் கல்வெட்டுகளைக் கண்டெடுத்தார். அவற்றின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். சங்ககாலப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் மாங்குளத்தில் கல்லிலேயே கிடைத்தது. முத்துப்பட்டிக் கல்வெட்டு ஒன்றில் ஓர் ஆளின் பெயரோடு முசிறி என்ற ஊர்ப்பெயர் சேர்ந்து வருகிறது. யவனக் கப்பல்கள் மிளகு ஏற்றிச்சென்ற சேரர் துறைமுகத்தின் பெயரும் முசிறிதான், அது இருந்ததோ உங்கள் பெரியாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில்தான். மேற்குக் கடற்கரைக்கும் மதுரைக்கும் இடையே வணிகர் சென்ற வழிகளின் ஓரத்திலேயே இத்தகைய குகைத்தளங்கள் அமைந்தன என்று ஆய்வாளர் கருதுவதையும் இதனோடு வைத்து எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கல்வெட்டுகளில் யார் யார் பேசுகிறார்கள் என்பது இன்னும் முக்கியமானது. அழகர்கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அதே மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகையில் உப்பு வணிகர், கலப்பைக் கொழு விற்றவர், பொற்கொல்லர் ஆகியோர் தங்கள் தொழிலையும் பெயரையும் சொல்லிக் கொடையளித்த செய்தியைப் பொறித்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களுள் ஒன்று, கூடல் என்ற ஊரில் நடந்த ஆநிரை கவர்தலில், அதாவது மாட்டுமந்தையைக் கவரும் பூசலில், மாண்ட ஒருவனைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. நடுகல் என்பது பூசலில் இறந்தவருக்கு ஊரார் நட்டு வழிபட்ட கல். ஆகவே, எழுத்து அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருந்தது, உழைப்பவர் எழுத்தறியாமலே வந்தவர் என்று உங்கள் பிள்ளைகள் நம்ப வேண்டியதில்லை. தோட்டப் பதிவேட்டில் உங்கள் முன்னோர் கைநாட்டு வைக்க நேர்ந்தது இடையில் வந்த ஒரு வீழ்ச்சி. அதைத் தொடக்கமாக எண்ணிவிடக் கூடாது.

இதற்கு மிக வலுவான சான்றைக் கீழடியில் காண்பீர்கள். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் உள்ள அவ்வூரில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் செங்கல் கட்டுமானங்களின் தடயங்களும், நூல் நூற்ற தக்களிகளும், விளையாட்டுக் காய்களும், ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் கீறப்பட்ட பானை ஓடுகளும் வைக்கப்பட்டுள்ளன. சுட்ட பானையின் மேல் கூரிய முனையால் கீறிய அந்த எழுத்துகள் ஒரே சீராக இல்லை. ஒரு கை அழுத்தமாகவும் இன்னொரு கை தயங்கியும் எழுதியிருப்பது கண்ணாடிக்கு வெளியே நின்றாலே தெரிகிறது. பலரும் எழுதப் பழகிய ஓர் ஊர் அது என்பதற்கு அந்தக் கோணல் எழுத்துகளைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கீழடியைப் பற்றிச் செய்திகளில் கேட்டிருக்கிறீர்கள். மாட்டுத்தாவணியிலிருந்தோ பெரியார் நிலையத்திலிருந்தோ நகரப் பேருந்துத் தொலைவில் அது இருக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் ஆளை வைத்துவிட்டு நகரை விட்டு நகர முடியாதவர்களும் உங்களில் பலர். அவர்களுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கும் அண்ணா நகர்க் கண் மருத்துவமனைக்கும் சிறிது தொலைவிலேயே, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் நேரு திறந்துவைத்த அதில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி காட்சிக்கு உள்ளது. அங்கே போவதற்குக் கட்டணம் இல்லை. ஜவுளிக்காக மேலமாசி வீதிக்குப் போகிறவர்கள், 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் காந்தி தொப்பியையும் சட்டையையும் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு அதே வீதியில் இருப்பதை அறிவீர்களா? கீழே கதர்க் கடை நடக்கும் அந்த வீட்டின் மாடியில்தான், தென்னாட்டு ஏழை உழவனின் உடையே தன் உடை என்று அவர் முடிவெடுத்தார். பட்டுச்சேலை எடுத்த கையோடு பிள்ளைகளை அந்த வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்தி, அந்த முடிவைப் பற்றிச் சொல்லலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

காந்தி அருங்காட்சியகம் உள்ள வட்டாரத்திலேயே, புதுநத்தம் சாலையில், 2023-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் நிற்கிறது. 2 லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட அக்கட்டடத்தில் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியும், போட்டித் தேர்வு எழுதுவோருக்கென்று தனிப் பகுதியும் உள்ளன. உள்ளே சென்று படிப்பதற்கு இந்த மாநிலத்தார், அந்த மாநிலத்தார் என்ற வேறுபாடு இல்லை. உள்நோயாளிக்குத் துணையாக வந்து, நடைபாதையில் பாய் விரித்து நாளெல்லாம் காத்திருக்கும் உங்கள் மகனோ மகளோ, பகலில் சில மணி நேரத்தை அங்கே கழித்தால் அந்த நாள் வீண்போனதாக இராது. தமிழ்வழியில் படித்துவிட்டுத் தமிழ்ப் புத்தகம் கிடைக்காமல் தவிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு, அத்தனை தமிழ் நூல்களை ஒரே கூரையின் கீழ் காண்பதே ஒரு கல்வி.

கைத்தொழிலைக் காண விரும்பினால் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. குளத்து மண்ணைக் குழைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி, சூளையில் சுட்டு, வண்ணம் பூசிக் கொலு பொம்மைகள் செய்யும் வேளார் குடும்பங்கள் அங்கே வீட்டு முற்றத்திலேயே வேலை செய்கின்றன. வாங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவரையும் அவர்கள் விரட்டுவதில்லை. தமிழைச் செம்மொழி என்று முதலில் வலியுறுத்தியவர்களுள் ஒருவரான பரிதிமாற்கலைஞர் 1870-இல் பிறந்ததும் அவ்வூரில்தான். அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. நகருக்குள்ளேயோ, 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலைக்குச் சௌராட்டிரப் பெண்கள் துணியில் முடிச்சிடும் வேலை நடக்கிறது. புவிசார் குறியீடு என்பது ஒரு பொருளின் பெயரை அது பிறந்த ஊருக்கே உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பு. சாயம் ஏறாமல் இருக்க வேண்டிய ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டுகிறார்கள். சாயம் காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் புள்ளி வெள்ளையாக நிற்கிறது. இரண்டிலையும் ஒரு மொட்டுமாக நாள் முழுதும் விரல்நுனியால் கொழுந்து கிள்ளும் உங்கள் வீட்டுப் பெண்களைவிட அந்த வேலையின் அருமையை நன்றாக உணரக்கூடியவர் யாரும் இல்லை.

கடைசியாக ஓர் இடம், மேலூருக்குப் பக்கத்து அரிட்டாபட்டி. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், சமணர் சிற்பமும், தமிழ்பிராமிக் கல்வெட்டும், ஏரிகளும், அரிய வல்லூறு இனங்களும் ஒன்றாக அமைந்த அந்தக் குன்றுப் பகுதி, 2022-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரினச் செழுமைக்காகச் சட்டப்படி காக்கப்படும் இடமாக, அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்துக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது சுற்றுவட்டாரக் கிராமத்தார் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025-ஆம் ஆண்டு சனவரியில் ஏலம் ரத்தானது. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் ஒரு துண்டுகூடத் தம் பெயரில் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு, தங்கள் மலையின் வரலாறு இன்னதென்று அறிந்திருந்த மக்கள் அந்த அறிவையே ஆயுதமாக்கி மலையைக் காத்தார்கள் என்ற செய்தி வெறும் சுற்றுலாச் செய்தியாக இருக்க முடியாது. அங்கே போய் அவ்வூராரிடம் பேசிப் பாருங்கள்.

"கல்லையும் ஓட்டையும் பார்த்து வயிறு நிரம்புமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள், அக்கேள்வி நியாயமானதே. வயிறு நிரம்பாது. கூலி உயர்வுக்கும், ஒழுகும் லயத்தின் பழுதுபார்ப்புக்கும், நிலுவையில் உள்ள பணிக்கொடைக்கும் நீங்கள் நடத்தும் போராட்டத்துக்கு இது மாற்றாகவும் ஆகாது. ஆனால் அப்போராட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் முதுகு எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்திலிருந்து கல்லூரிக்கோ வேலைக்கோ நகரத்துக்குப் போகும் பிள்ளைகள், எந்த ஊர் என்று கேட்டால் வண்டிப்பெரியார் என்று சொல்லத் தயங்குவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். தான் வந்த வழி 2000 ஆண்டுகளாக மனிதர் நடந்த வழி, தன் ஆறு மதுரையை வளர்க்கும் ஆறு, தன் மொழியைக் கல்லில் எழுதியவர்களுள் உப்பு விற்றவரும் ஒரு துறவியைப் பெற்ற தாயும் இருந்தார்கள் என்று கண்ணால் கண்டறிந்த பிள்ளைக்கு அத்தயக்கம் குறையும். வணிக வளாகத்தின் நகரும் படிக்கட்டும் நீர் விளையாட்டுப் பூங்காவும் ஒரு நாள் மகிழ்ச்சியைத் தரும், அதில் தவறில்லை. இந்த அறிவை அவற்றால் தர முடியாது.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள்கள் இவை. குடும்பத்தோடு மதுரைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், மேற்சொன்னவற்றுள் ஓர் இடத்தையாவது பார்த்துவிட்டே திரும்புங்கள். சமணர்மலையோடு தொடங்குவது எளிது, ஏனெனில் அது உங்கள் வழியிலேயே இருக்கிறது. போகும் இடத்தில் பாறையில் பெயரைக் கீறுவதும், சிற்பத்தின் மேல் சாயமோ எண்ணெயோ பூசுவதும் வேண்டாம். 1000 ஆண்டு நின்ற எழுத்தை ஒரு நாள் விளையாட்டில் அழித்துவிட முடியும் என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். திரும்பி வந்ததும், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரோடு மலையேறினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள், பள்ளிச் சுற்றுலாவின் வழித்தடத்தை இந்த ஆண்டு ஒருமுறை மாற்றிப் பாருங்கள். காலையில் சமணர்மலை, பகலில் காந்தி அருங்காட்சியகம், மாலையில் கீழடி என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு குமுளிக்குத் திரும்பிவிடலாம். தொழிற்சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள், மே தினத்துக்கோ பொங்கலுக்கோ ஒரு தோட்டத்துக்கு ஒரு பேருந்து என்று ஏற்பாடு செய்தால், தனியாகப் போக இயலாத முதியவர்களும் பெண்களும் போய்வருவார்கள். நூலகங்களிலும் வாசகசாலைகளிலும் உறுப்பினராக உள்ள இளைஞர்கள், மதுரையிலிருந்து கல்வெட்டு, தொல்லியல் பற்றிய எளிய தமிழ் நூல்களை வாங்கிவந்து வண்டிப்பெரியாரில் ஒரு தமிழ் அலமாரியைத் தொடங்குங்கள். அடுத்த முறை மருந்துச்சீட்டையும் ஜவுளிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு குமுளியில் பேருந்து ஏறும்போது, பயணச்சீட்டை ஆரப்பாளையத்துக்கு வாங்காமல் நாகமலைப் புதுக்கோட்டைக்கு வாங்குங்கள். இம்மடல் உங்களிடம் கேட்பது அந்த ஓர் இறக்கத்தைத்தான். அதற்கு அப்பால் எங்கே போக வேண்டும் என்பதை உங்கள் பிள்ளைகளே உங்களைக் கேட்டுத் துளைப்பார்கள்.